எந்த பஸ்ஸில் ஏறுவது? கரையாம்புத்தூரிலிருந்து ஒரு கேள்வி



பொங்கல் நெருங்குது. பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிற நம்ம பிள்ளைகள் ஊருக்கு வரணும், திரும்பப் போகணும். கரையாம்புத்தூர் டீக்கடையில் இப்போ அரசியலைவிட அதிகமா ஓடுற பேச்சு இதுதான்: "எந்த பஸ்ல போட்டிருக்கே? எவ்வளவு ஆச்சு?"

பஸ் டிக்கெட் அவங்கவங்க சொந்த விஷயம், இதில் கட்சிக்கு என்ன வேலைன்னு சிலர் கேட்கலாம். முழுசா படிச்சுட்டுச் சொல்லுங்க. நாம் எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதை நாம்தான் முடிவு பண்றோமா, இல்லை அந்த முடிவு ஏற்கெனவே வேறெங்கோ எடுக்கப்பட்டு நம்ம கைபேசிக்கு வருதா என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி.

முதலில் நம்ம ஊர் இருக்கிற இடத்தைப் பாருங்க. பாகூர் கொம்யூனில் இருக்கோம். ஆனா சுற்றிலும் தமிழ்நாடு. புதுவை மாநிலத்துக்காரங்க நாம் புதுவை நகரத்துக்குப் போகணும்னாலே நடுவில் தமிழ்நாட்டு மண்ணை மிதிச்சுட்டுத்தான் போகணும். பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் போட்ட கோடு இன்னைக்கும் நம்ம பஸ் பர்மிட்டில் இருக்கு. இரண்டு அரசும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டால்தான் ஒரு பஸ் எல்லை தாண்டி ஓட முடியும். அதனால் வெளியூர் போற நம்ம ஆளுக்கு மூன்று வாசல் இருக்கு. ஒன்று புதுவை பஸ் ஸ்டாண்டு. இரண்டாவது கடலூர். மூன்றாவது விழுப்புரம். மூன்றுமே நம்ம ஊர் இல்லை. மூன்றுக்கும் போய்ச் சேருவதே ஒரு பயணம்.

கையில் பெட்டியோடு அங்கே போய் நின்றால் என்னென்ன கிடைக்குது?

நம்ம மாநிலத்தின் பிஆர்டிசி. சுற்றுலாக் கழகத்தின் ஒரு கிளையாக 1980-களின் கடைசியில் பஸ் ஓட்ட ஆரம்பித்து, 2005-ல் சுற்றுலாவைத் தனியாகப் பிரித்துவிட்டு போக்குவரத்துக்கென்றே நின்ற நிறுவனம். சென்னை, காரைக்கால், பெங்களூரு, கோயம்புத்தூர், திருப்பதி, நாகர்கோவில், அந்தக் கடைசியில் மாஹே வரைக்கும் ஓடின பஸ்.

அடுத்து தமிழ்நாடு அரசுப் பஸ். பெரியவங்க இன்னமும் "தந்தை பெரியார் பஸ்" என்று சொல்றதைக் கேட்டிருப்பீங்க. விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்து 1975-ல் தொடங்கின கழகம் அது. 1997-ல் தமிழ்நாட்டில் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துட்டு ஒரே பெயராக்கினாங்க. பெயர் போனாலும் பஸ் போகலை.

மூன்றாவது, தனியார் ஆம்னி பஸ். கைபேசியைத் திறந்தால் ஒரே ஊருக்கு இருபது கம்பெனி வரிசையா நிக்குது. ஏசி, படுக்கை, சார்ஜர், போர்வை, தண்ணி பாட்டில், அஞ்சு நட்சத்திரம். பார்க்கிறப்போ கல்யாண வீட்டு விருந்து மாதிரி இருக்கு.

விருந்துக்கு யார் கணக்கு எழுதுறாங்க என்பதைத்தான் பார்க்கணும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பஸ்ஸை இரண்டு வகையாகப் பிரிக்குது. ஒன்று ஸ்டேஜ் கேரியேஜ். வழியில் நிறுத்தலாம், ஏற்றலாம், இறக்கலாம், ஆளுக்கு ஆள் தனி டிக்கெட் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் அரசு நிர்ணயிக்கும். நாம் ஏறுற அரசு பஸ்ஸும், பாகூர் பக்கம் ஓடுற தனியார் ரூட் பஸ்ஸும் இந்த வகைதான். இன்னொன்று கான்ட்ராக்ட் கேரியேஜ். கல்யாணத்துக்கு வண்டி பிடிக்கிற மாதிரி, மொத்தமாகப் பேசி ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போவது. ஆம்னி பஸ் இந்த இரண்டாவது பர்மிட்டில் ஓடுது. ஆனா செய்யுற வேலை முதல் வகை வேலை. ஆளுக்கு ஆள் டிக்கெட், ஊருக்கு ஊர் ஏற்றம். ஸ்டேஜ் கேரியேஜுக்கு உள்ள கட்டண வரம்பு மட்டும் அதற்குக் கிடையாது. பண்டிகைக்குப் பண்டிகை அமைச்சர்கள் "அதிகக் கட்டணம் வசூலித்தால் நடவடிக்கை" என்று பேட்டி கொடுப்பதும், பண்டிகை முடிந்ததும் அந்தப் பேச்சு அடங்குவதும் இதனால்தான்.

இதில் நம்ம மாநிலத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. வரி குறைவு என்பதற்காக வெளிமாநிலக்காரங்க நம்ம பதிவு எண்ணை வாங்கிட்டுப் போறது புதுக் கதை இல்லை. நாகாலாந்து, புதுச்சேரி பதிவெண்ணோடு தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடின ஆம்னி பஸ்களை 2024 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தடுக்கப் பார்த்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நடுவில் அவதிப்பட்டது யார்? டிக்கெட் போட்டுட்டு ரோட்டில் நின்ற பயணிதான்.

எங்க கிளைத் தோழர் ஒருத்தர் வீட்டில் நடந்ததைச் சொல்றேன். கம்பெனி பெயர் வேண்டாம். இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை.

அவர் மகள் பெங்களூரில் வேலை. போன பொங்கலுக்கு வந்து திரும்பிப் போக, மூன்று வாரம் முன்னாடியே ஒரு தனியார் பஸ்ஸில் படுக்கை போட்டாங்க. விலை பரவாயில்லை. கிளம்ப வேண்டிய அன்னைக்கு மத்தியானம் குறுஞ்செய்தி வருது: "தொழில்நுட்பக் காரணங்களால் உங்கள் பயணம் ரத்து. பணம் சில நாட்களில் திரும்ப வரும்." அடுத்த கால் மணி நேரத்தில் அந்தப் பொண்ணு கைபேசியைத் திறந்து பார்த்தா, அதே கம்பெனி, அதே ராத்திரி, ஒரு மணி நேரம் தள்ளி வேற ஒரு பஸ். விலை மூன்று மடங்கு. போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலையில் இருக்கணும். புது வேலை, லீவு கேட்க முடியாது. அப்பா பைக்கில் விழுப்புரம் கொண்டு போய் விட்டார். தமிழ்நாடு அரசு பஸ்ஸில் திருவண்ணாமலை வரைக்கும் நின்னுகிட்டே போனாள். அதுக்கப்புறம் கண்டக்டர் ஒரு இடம் பார்த்துக் கொடுத்தார். விடிய விடியப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த ராத்திரி அவளுக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்த அரசு பஸ். அது இல்லைன்னா? மூன்று மடங்கைக் கொடுத்திருக்கணும், இல்லை வேலையை விட்டிருக்கணும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிங்க.

இப்போ நடைமுறைக்கு வருவோம். நம்ம பிள்ளைகள் எந்த பஸ்ஸில் போனாலும் சரி, டிக்கெட் போடுவதற்கு முன்னாடி இந்த விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்க.

1. யார் பஸ், யார் பொறுப்பு? ஆப்பில் விற்கிறவர் ஒருத்தர், பஸ் பெயர் இன்னொருத்தர், வண்டியின் சொந்தக்காரர் மூன்றாவது ஆள். பல இடத்தில் இப்படித்தான் இருக்கு. ரத்தானால் யார் பணம் தருவாங்க, எத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பாங்க என்பதை டிக்கெட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பாங்க. அதைப் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க. பஸ் நம்பர் வந்ததும் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.

2. எங்கே ஏற்றுவான், எங்கே இறக்குவான்? "சென்னை" என்று போட்டிருந்தால் போதாது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, கோயம்பேடுன்னு நினைச்சு ஏறினவங்க ஊருக்கு வெளியே இறங்கி ஆட்டோவுக்கு அழுத கதை நிறைய இருக்கு. திண்டிவனம் வழியா, ஈசிஆர் வழியா என்று கேளுங்க. இறங்குற இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு ஆகும் செலவையும் டிக்கெட்டோடு சேர்த்துக் கணக்குப் போடுங்க. மலிவா தெரிந்த பஸ் மலிவா இருக்காது.

3. ஓட்டுறவர் தூங்கினாரா? இதை யாரும் கேட்கிறதே இல்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்ன பொது விதி, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட விடாமல் நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு. புதுவையிலிருந்து ராத்திரி பெங்களூரு போன அதே டிரைவர், பகலில் பஸ்ஸுக்குள்ளேயே சுருண்டு படுத்துட்டு, மறுபடி அன்னைக்கு ராத்திரியே திரும்ப ஓட்டிட்டு வந்தால், அந்த ஏசி படுக்கையில் நிம்மதியா தூங்குற உங்க பிள்ளையின் உயிர் அவர் கண் இமையில் தொங்குது. இரண்டாவது டிரைவர் இருக்காரான்னு ஏறும்போதே கேளுங்க. கேட்கிற பயணி அதிகமானால்தான் வைக்கிற முதலாளி வருவான்.

4. வெளியேற வழி இருக்கா? 2025 அக்டோபர் 24 அதிகாலை, ஐதராபாத்திலிருந்து பெங்களூரு போன தனியார் படுக்கை பஸ் கர்னூல் அருகே ஒரு பைக் மேல் மோதி, பைக் அடியில் சிக்கித் தீப்பிடித்தது. தூக்கத்திலிருந்த 19 பயணிகள் கருகிப் போனாங்க. அதுக்குப் பத்து நாள் முன்னாடிதான் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே இன்னொரு ஏசி படுக்கை பஸ் எரிந்தது. ஏறினதும் போர்வையைத் தேடாதீங்க; அவசரக் கதவு எங்கே, கண்ணாடி உடைக்கிற சுத்தியல் எங்கே என்று பாருங்க. படுக்கையை மறித்துப் போட்டு அவசர வழியை அடைத்திருந்தால் படம் எடுத்துப் புகார் கொடுங்க. அடியில் என்ன சரக்கு ஏற்றுறாங்க என்றும் ஒரு கண் பாருங்க. பயணிகள் பஸ் பார்சல் லாரி இல்லை.

5. இறங்கின பிறகு வீட்டுக்கு எப்படி? நமக்கு இதுதான் பெரிய கேள்வி. ராத்திரி பஸ் விடியற்காலை நாலு மணிக்குப் புதுவையில் இறக்கி விட்டுடுவான். கரையாம்புத்தூர் பஸ் கிளம்புற வரைக்கும் ஒரு பொண்ணு தனியா பெட்டியோடு உட்கார்ந்திருக்கணும். பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்து 2025 மே மாதம் திறந்துட்டாங்க. அதுவரை ஏஎஃப்டி மைதானத்தில் மழையிலும் வெயிலிலும் நின்ற கஷ்டம் தீர்ந்தது, சரி. ஆனா பளபளப்பான பஸ் ஸ்டாண்டில் நம்ம ஊருக்கு அந்த நேரத்தில் பஸ் இருக்கணுமே! விடிந்த பிறகு வந்து சேருகிற பஸ்ஸா பார்த்துப் போடுங்க. கொஞ்சம் மெதுவான அரசு பஸ்ஸா இருந்தாலும் பரவாயில்லை.

இத்தனையும் பார்த்துட்டு நல்ல தனியார் பஸ் கிடைத்தால் ஏறுங்க. அதில் தப்பு ஒன்றும் இல்லை. தனியார் பஸ்ஸில் போற தோழரைப் பார்த்து முகம் சுளிக்கிற வேலை நமக்கு வேண்டாம். அந்த பஸ்ஸிலும் டிரைவர், கிளீனர் எல்லாம் உழைக்கிற ஜனம்தான். நம்ம சண்டை அவங்களோட இல்லை.

"போட்டி இருந்தால் விலை குறையும், சேவை நல்லா இருக்கும். அரசுக்கு எதுக்கு பஸ் ஓட்டுற வேலை?" என்று ஒரு வாதம் நல்லா படிச்சவங்ககிட்ட இருந்தே வருது. இதுக்குப் பதிலைக் கற்பனையா சொல்ல வேண்டாம். நடந்ததையே பார்ப்போம்.

ஜெர்மனியில் 2013 ஜனவரியில் வெளியூர் பஸ் சந்தையைத் தனியாருக்கு முழுசா திறந்துவிட்டாங்க. திருவிழா மாதிரி கம்பெனிகள் வந்தன. விலையும் தரை மட்டத்துக்கு இறங்கினது. ஜனங்களுக்கு சந்தோஷம். 2015-ல் பெரிய இரண்டு கம்பெனி ஒன்றாச்சு. 2016-ல் அஞ்சல் துறையின் பெயரில் ஓடின பஸ்ஸையும் அதே கம்பெனி எடுத்துக்கிட்டது. கடைசியில் ஃபிலிக்ஸ்பஸ் என்ற ஒரே கம்பெனி கையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சந்தை. போட்டி நடந்தது மூணு, நாலு வருஷம். அதே கம்பெனி 2024-ல் இந்தியாவுக்கு வந்தது. அந்த செப்டம்பரில் பெங்களூரிலிருந்து தென்னிந்திய ஊர்களுக்குத் தொடக்கச் சலுகை 99 ரூபாய் டிக்கெட்! வாங்கினவங்களைக் குறை சொல்லலை. 99 ரூபாய்க்குப் பெங்களூரு பஸ் ஓடாது என்பது நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இன்னைக்கு விட்ட காசை என்னைக்கு, யார்கிட்ட எடுப்பாங்க என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் தாட்சர் அம்மையார் காலத்தில், 1986-ல், லண்டன் தவிர மற்ற இடங்களில் பஸ்ஸைத் தனியார் விருப்பத்துக்கு விட்டாங்க. லாபம் வர்ற ரூட்டில் பஸ் மேல் பஸ். லாபம் இல்லாத கிராமத்துக்கு பஸ்ஸே இல்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து மான்செஸ்டர் வட்டாரம் பஸ்ஸைத் திரும்பப் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது. 2023-ல் ஆரம்பித்து 2025 ஜனவரியில் முடித்தாங்க. தனியார்மயத்தின் தாய் வீட்டிலேயே தப்பைத் திருத்துறாங்க. நாம் மட்டும் ஏன் அந்தத் தப்பைப் புதுசா ஆரம்பிக்கணும்?

அதனால்தான் சொல்றோம்: தனியார் கம்பெனிகளுக்கு நடுவில் நடக்கிற போட்டி நம்மைக் காப்பாத்தாது. பண்டிகை ராத்திரியில் எல்லாக் கம்பெனி விலையும் ஒரே நேரத்தில் ஏறும். எந்த ராத்திரியிலும் விலை ஏறாத ஒரு பஸ் அதே ஸ்டாண்டில் நிக்கணும். அது நின்றால்தான் பக்கத்தில் நிக்கிற தனியாரும் அடக்கமா விலை சொல்வான். அரசு பஸ் அதில் ஏறுறவனுக்கு மட்டும் உதவுற பஸ் இல்லை. ஏறாதவனுக்கும் சேர்த்துத்தான் அது ஓடுது.

இன்னொன்றும் இருக்கு. 2018 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பஸ் கட்டணத்தைத் தாறுமாறா ஏற்றினப்போ மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க. கட்சிகள் மறியல் செய்தன. பத்து நாளில் கொஞ்சமாவது குறைக்க வேண்டி வந்தது. அரசிடம் சண்டை போட ஒரு வாசல் இருக்கு. ஆப்பில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஏறின விலைக்கு யார் வீட்டு வாசலில் போய் உட்காருவீங்க?

இனி நம்ம பக்கத்து உண்மையையும் பேசிடுவோம். "பிஆர்டிசி பஸ்ஸா? சீட்டு கிழிஞ்சிருக்கும், வழியில நிக்கும், நேரத்துக்கு வராது." இதைச் சொல்றது எதிரிகள் இல்லை, நம்ம வீட்டுக்காரங்கதான். அதில் உண்மை இருக்கு. மறைக்க வேண்டியது இல்லை. ஆனா அந்த சீட்டைக் கிழித்தது யார்? வண்டி பழசானால் புதுசு வாங்காமல், ஆள் ஓய்வு பெற்றால் நிரந்தர ஆள் போடாமல், ஒப்பந்தம் என்ற பெயரில் வருஷக்கணக்கா குறைஞ்ச கூலிக்கு டிரைவர், கண்டக்டரை வைத்து ஓட்டினால் எந்தக் கழகம் நல்லா இருக்கும்? 2025 ஜூலை கடைசியில் பிஆர்டிசி ஒப்பந்த ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினதை நினைச்சுப் பாருங்க. அவங்க கேட்டது ஆடம்பரம் இல்லை. செய்யுற வேலைக்கு நிரந்தரமும் நியாயமான சம்பளமும். அந்த நாட்களில் நம்ம கிராமங்களிலிருந்து வேலைக்கும் காலேஜுக்கும் போனவங்க பட்ட பாடு, அந்தத் தொழிலாளி நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் காட்டினது. பிள்ளைக்குச் சோறு போடாமல் வைத்துட்டு "இவன் ஒல்லியா இருக்கான், பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தத்து எடுக்கலாம்" என்று சொல்ற கதைதான் இன்னைக்கு பிஆர்டிசி பற்றிப் பேசப்படுற பேச்சு.

நம்ம கோரிக்கைகள் தெளிவானவை:

• பிஆர்டிசிக்குப் புதிய பஸ்கள். நின்றுபோன வெளியூர்த் தடங்களை மறுபடி ஓட்டணும்.

• ஒப்பந்த டிரைவர், கண்டக்டர்களைப் பணி நிரந்தரம் செய்யணும்.

• பொங்கல், தீபாவளி நாட்களில் ஆம்னி பஸ்ஸுக்குக் கட்டண உச்சவரம்பு. கடைசி நேரத்தில் ரத்து செய்யுற கம்பெனி முழுப் பணத்தோடு இழப்பீடும் கொடுக்கணும்.

• வெளியூர் பஸ்கள் வந்து சேருகிற விடியற்காலை நேரத்தில் கரையாம்புத்தூர், மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கம் இணைப்பு பஸ்.

• தமிழ்நாடு அரசோடு பேசி, எல்லையில் துண்டு துண்டாகக் கிடக்கிற நம்ம கிராமங்களிலிருந்து கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் தடையில்லாமல் போக பர்மிட்.

தேர்தல் வரும். ஓட்டு கேட்டு வர்றவங்க கொடியோடும் மாலையோடும் கரையாம்புத்தூர் தெருவுக்குள் வருவாங்க. அவங்க வர்றது காரில். அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பெங்களூரிலிருந்து வர்ற என் மகள் காலைல நாலு மணிக்கு புதுவை பஸ் ஸ்டாண்டுல இறங்குனா, அவளை வீட்டுக்குக் கொண்டு வர எந்த பஸ் விடப் போறீங்க?" நம்ம கட்சிக்காரங்க வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்க. பதில் சொல்லட்டும்.

இந்தப் பொங்கலுக்கு எந்த பஸ்ஸில் போனீங்க, எவ்வளவு கொடுத்தீங்க, ரத்தாச்சா, ஏமாந்தீங்களா என்பதைக் கீழே எழுதுங்க. டிக்கெட் படத்தில் உங்க போன் நம்பரை மறைச்சுட்டுப் போடுங்க. சேருகிற எல்லாவற்றையும் போக்குவரத்துத் துறையிடம் மனுவோடு சேர்த்துக் கொடுப்போம்.

படிச்சதோட விட்டுடாதீங்க. வெளியூரில் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு அனுப்புங்க.

பொதுப் போக்குவரத்து மக்கள் சொத்து!
பிஆர்டிசியைக் காப்போம்! கிராமங்களுக்கு பஸ் கேட்போம்!

#பிஆர்டிசியைக்_காப்போம் #கரையாம்புத்தூருக்கு_பஸ் #பண்டிகைக்_கொள்ளையைத்_தடு